டயர் கடையில காத்துக் கன் வச்சு இறுக்கின வீல் நட்டு மதுரை போறதுக்குள்ள கழண்டுச்சு, எவ்ளோதான் இறுக்கணும்?

மலைக்கோட்டை_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2012 இன்னோவா, அலாய் வீல், ஓடினது ரெண்டு லட்சத்தச் சொச்சம். போன வியாழக்கிழமை திருச்சியில ஒரு டயர் கடையில (பேரு வேணாம்) ரெண்டு டயர் புதுசா வாங்கிப் போட்டு, பழசுல நல்லா இருந்த ரெண்டையும் இடம் மாத்தி, பேலன்சிங் அலைன்மென்ட் எல்லாம் முடிச்சு எடுத்துட்டு வந்தேன். மறுநாள் விடியக்காலைல குடும்பத்தோட திருச்செந்தூர் கிளம்பினோம். துவரங்குறிச்சி வரைக்கும் ஒண்ணும் தெரியல. மேலூர் நெருங்கும்போது பின்னாடி இடது பக்கம் ஒரு சத்தம், மெதுவா போனா டக் டக்குன்னு கேக்குது, எண்பதுக்கு மேல போனா சத்தம் போயி சீட்டுக்கு அடியில ஒரு நடுக்கமா வருது. டயருல ஏதோ கல்லு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டினேன், அத நெனச்சாதான் இப்பவும் வயித்தக் கலக்குது.

ஓரங்கட்டிப் பார்த்தா அஞ்சு நட்டுல ஒண்ணு இல்லவே இல்ல. ரெண்டு நட்டு விரலாலயே சுத்துது. மீதி ரெண்டு ஏதோ பேருக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள அம்மா, பொண்டாட்டி, பிள்ளைங்க ரெண்டு பேரும் முறுக்கு தின்னுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு கையெல்லாம் உதறிடுச்சு. வண்டியோட வந்த வீல் பானாவ மாட்டி, அது மேல ஏறி நின்னு, நாலு நட்டுலயும் ரெண்டு ரெண்டு குதி குதிச்சு இறுக்கிட்டு, நாப்பதுலயே உருட்டிக்கிட்டு மதுரை போய்ச் சேர்ந்தோம், அங்க ஒரு நட்டு வாங்கிப் போட்டாச்சு.

கடைக்காரருக்கு போன் போட்டா "சார் நாங்க கன்னுலதான் டைட் பண்றோம், லூசாக சான்சே இல்ல, வேற எங்கயாவது கழட்டினீங்களா"ன்னு என்னையே கேக்குறாரு. இப்ப என் சந்தேகம் என்னன்னா கன் வச்சு இறுக்கினது எப்படி நூறு கிலோமீட்டர்ல கழளும், நான் ஏறிக் குதிச்சது சரியா தப்பா, உண்மையிலயே எவ்ளோ இறுக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கிரீஸ்_கை:

தம்பி, மொதல்ல பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்சிருக்கீங்க, முருகனுக்கு தேங்கா உடைச்சிருப்பீங்கன்னு நம்புறேன். நான் மதுரையில 22 வருஷமா வேலை பாக்குறேன், இந்தக் கதைய வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது சொல்லிட்டு வருவாங்க.

கன்னுல இறுக்கினா லூசாகாதுன்னு சொல்றது பாதி உண்மைதான். கன்னு நட்டப் பிடிச்சுத் திருகுறது இல்ல, உள்ள ஒரு சுத்தியல் தட்டித் தட்டி சுத்துது. கம்ப்ரஸர்ல காத்து எவ்ளோ நிக்குது, பையன் எத்தனை நொடி விசைய அமுக்கிப் பிடிச்சான், இத வச்சு இறுக்கம் மாறிக்கிட்டே இருக்கும். காலைல மொத வண்டிக்கு ஒரு இறுக்கம், சாயங்காலம் நாலு வண்டி நிக்கும்போது காத்து கொறஞ்சு ஒரு இறுக்கம். டர்ர்ர்ருன்னு சத்தம் வந்துச்சுன்னா டைட்டுன்னு பையன் நெனச்சுக்குவான், அவ்வளவுதான். அதுலயும் ஒரு வீல அவன் மாட்டிக்கிட்டு இருக்கும்போது போன் வந்தாலோ, டீ வந்தாலோ, மேனேஜர் கூப்பிட்டாலோ, எந்த நட்டுல விட்டோம்னு மறந்துரும்.

ஆனா உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் வேற. அந்த வீல கழட்டி ரிம்மோட பின்பக்கத்தையும் அது போய் உக்காருற பிரேக் டிரம்மோட மூஞ்சியையும் பாருங்க. பழைய வண்டி, ரெண்டு லட்சம் ஓடினது, டிரம்முல துரு பக்கு பக்கா நிக்கும், சேறு காஞ்சு ஒட்டியிருக்கும். அத சுரண்டாம வீல வச்சு இறுக்கினா நட்டு டைட்டாதான் காட்டும், ஆனா ரிம்மு இரும்புல உக்காரல, துரு மேல உக்காந்திருக்கு. நூறு கிலோமீட்டர் ஓடின அதிர்ச்சியில அந்தத் துரு பொடியா உதிர்ந்து போச்சுன்னா நடுவுல ஒரு நூலளவு இடம் விழும். அவ்வளவு போதும், எல்லா நட்டும் ஒரே நேரத்துல தளர்ந்துரும். அதே மாதிரி வீல் அந்தரத்துல தொங்கும்போது ஒரு பக்கத்து நட்ட மட்டும் மொதல்லயே முழுசா கன்னுல அடிச்சா ரிம்மு கோணலா உக்காரும், ரோட்டுல இறங்கினதும் அதுவா நிமிரும், உடனே மத்த நட்டு லூசு.

நான் பசங்களுக்கு சொல்லிக்குடுக்குறது இதுதான். கம்பி பிரஷ் வச்சு ரெண்டு மூஞ்சியையும் தேய், துணியால தொடை. நட்ட கையாலதான் ஏத்தணும், அஞ்சாறு சுத்து விரலாலயே போகணும், ரெண்டு சுத்துலயே முரண்டு பிடிச்சா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், கழட்டிட்டு மறுபடி ஏத்து. அப்புறம் அஞ்சு நட்டுன்னா நட்சத்திரக் கோலம் போடுற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு போ, வட்டமா சுத்திக்கிட்டே வராத. வீல் மேல இருக்கும்போது லேசா பிடிச்சு விடு, ஜாக்கிய இறக்கி டயரு தரையில பட்டு சுத்தாம நிக்குற நிலைல வச்சு பாதி இறுக்கம் ஒரு ரவுண்டு, முழு இறுக்கம் ஒரு ரவுண்டு. கழட்டும்போதும் அப்படித்தான், வண்டி தரையில நிக்கும்போதே நட்ட அரைச்சுத்து தளத்திட்டு அப்புறம்தான் ஜாக்கி ஏத்தணும். ஜாக்கி மேல நிக்குற வண்டியில நின்னு பானாவ மிதிச்சீங்கன்னா வண்டி உங்க மேல வந்து படுத்துரும்.

இன்னோவாக்காரரு இன்னொண்ண ஞாபகம் வச்சுக்கோங்க. உங்களது பின் சக்கரம் இழுக்குற வண்டி. ஹேண்ட்பிரேக்கும் பின்னாடிதான், கியரும் பின்னாடிதான். பின் வீல் ஒண்ண தூக்கிட்டீங்கன்னா கியர்ல போட்டிருக்கோமேன்னு நம்பி இருக்காதீங்க, ரெண்டு பின் வீலையும் தனித்தனியா சுத்த விடுற டிஃபரன்ஷியல் விட்டுக் குடுத்துரும். முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வைக்காம தூக்கவே தூக்காதீங்க. கழட்டின வீல சும்மா உருட்டி ஓரமா சாத்தாம சேஸிஸுக்கு அடியில படுக்க வச்சிருங்க, ஜாக்கி சறுக்கினாலும் வண்டி வீல் மேல உக்காரும்.


ஏறிமிதி:

இவ்ளோ பெரிய ஆராய்ச்சி தேவையா பாஸ். எங்கப்பா அம்பாசடர் டாக்ஸி ஓட்டினாரு, முப்பது வருஷம், திருச்சியில இருந்து காசி வரைக்கும் போயிருக்காரு, பானா மேல ஏறி நின்னு ஒரே மிதி, அவ்ளோதான். ஒரு நட்டு கழண்டதில்ல. லூசாகிறதுக்கு இறுக்கமாவே இருந்துட்டுப் போகட்டும், ஓவர் டைட் ஆனா என்ன குடி முழுகிரும்? அண்ணே நீங்க குதிச்சது சரிதான், மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. மரை கழண்டவன்னுதான் திட்டுறோம், மரை இறுகினவன்னு யாரையாவது திட்டுறோமா?


மைக்ரோமீட்டர்:

மரை ஜோக் நல்லாருந்துச்சு, ஆனா ஓவர் டைட் ஆனா என்னாகும்ங்கிறதுக்கு பதில் இருக்கு. நான் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல குவாலிட்டி பாக்குறேன், எங்களுக்கு நட்டு போல்ட்டுதான் சோறு.

கணக்கு கேட்டீங்க இல்ல, இருக்கு. இன்னோவாவுக்கு டொயோட்டா சொல்றது 103 நியூட்டன் மீட்டர், நம்ம பேச்சுல சொன்னா பத்தரை கிலோ-மீட்டர் (தூரம் இல்ல, முறுக்கோட அளவு). அதாவது ஒரு மீட்டர் நீளமான பானாவோட நுனியில பத்தரை கிலோ எடையத் தொங்கவிட்டா வர்ற முறுக்கு. வண்டியோட வர்ற பானா ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்னு வச்சா நுனியில 35 கிலோ அமுக்கணும். இப்ப நீங்க 80 கிலோ ஆளுன்னா, சும்மா ஏறி நின்னாலே 24 கிலோ-மீட்டர், அதாவது 235 நியூட்டன் மீட்டர். ரெண்டு மடங்குக்கும் மேல. குதிச்சா எவ்ளோன்னு எனக்கு எழுதவே மனசு வரல. பானாவுல ஒரு ஜிஐ பைப்ப சொருகி ஒரு மீட்டர் ஆக்கிட்டு நாப்பது கிலோ பலத்துல இழுத்தா 390 வரும்.

அதனால என்னன்னா, ஸ்டட்ட, அதாவது நட்டு ஏறுற மரைத் தண்ட, நாம ஒரு இரும்புக் கம்பின்னு நெனைக்கிறோம், உண்மையில அது ஒரு விறைப்பான ஸ்பிரிங். நட்ட இறுக்குறப்ப ஸ்டட்டு ஒரு மயிரிழை நீளுது, நீண்டது திரும்ப சுருங்கப் பாக்குது, அந்த இழுப்புதான் ரிம்ம ஹப்போட (வீல் மாட்டுற நடு அச்சு) கவ்விப் பிடிக்குது. 12 மில்லி ஸ்டட்டுல 103 வச்சா தோராயமா 4 டன் இழுப்பு, அஞ்சுக்கும் சேர்த்து 20 டன். வண்டியோட பாரத்த சுமக்குறது ஸ்டட்டு இல்ல, அந்தக் கவ்வல்ல ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல வர்ற உராய்வுதான் சுமக்குது. கவ்வல் போச்சுன்னா ரிம்மு ஒவ்வொரு சுத்துலயும் ஸ்டட்டு மேல பக்கவாட்டுல தேய்க்கும், அந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் நட்ட கழட்டிவிடும். 1969லயே யுங்கர்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் இத சோதனை பண்ணி எழுதிட்டாரு, மேலும் கீழும் அதிர்றத விட பக்கவாட்டு அசைவுதான் நட்டுக்கு எமன்னு. உங்களுக்கு கேட்ட டக் டக் அதுதான், ரிம்மு ஸ்டட்டுல போய் இடிச்ச சத்தம்.

இப்ப அதே ஸ்பிரிங்க அளவுக்கு மீறி இழுத்தா திரும்பி வராது, ஜட்டி எலாஸ்டிக் மாதிரி தொவண்டு போகும். அன்னைக்கு டைட்டாதான் இருக்கும், ஆனா அந்த ஸ்டட்டோட ஆயுசு போச்சு. ஒருநாள் நட்டோட சேந்து முறிஞ்சு கையோட வரும். டிஸ்க் இருக்கிற முன் வீல்ல ஏறுக்கு மாறா ஓவர் டைட் பண்ணினா டிஸ்க் லேசா கோணும், அப்புறம் பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுதுன்னு பிரேக் பேட மாத்துவீங்க, அது மாத்தியும் போகாது.

எண்ணெய் விஷயம் யாரும் சொல்லல. மரையில துரு பிடிக்காம இருக்கட்டும்னு கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுறவங்க இருக்காங்க. நீங்க குடுக்குற முறுக்குல பத்துல ஒரு பங்குதான் ஸ்டட்ட இழுக்கப் போகுது, மீதி ஒம்பதும் நட்டு உக்காருற இடத்துலயும் மரையிலயும் உராய்வுக்கே போயிரும். எண்ணெய் தடவினா அந்த உராய்வு கொறஞ்சு, அதே 103ல இழுப்பு கால் பங்கோ அதுக்கு மேலயோ கூடிப் போகும். அதனாலதான் டொயோட்டா மேனுவல்லயே நட்டுலயும் போல்ட்டுலயும் ஆயில் கிரீஸ் போடாதேன்னு போட்டிருக்கு. கம்பி பிரஷ்ல தேச்சு காய வச்சு போடுங்க.

டார்க் ரெஞ்ச், அதாவது நாம வச்ச முறுக்கு வந்ததும் க்ளிக் சத்தம் குடுக்குற பானா, ஒண்ணு வாங்கிருங்க. அரை இன்ச்சு, 200 வரைக்கும் போறது போதும். 21 மில்லி சாக்கெட்டு. நான் வாங்கினது ரெண்டாயிரத்துச் சொச்சம், ஒரு டயர் விலைல பாதி கூட இல்ல. மூணு விஷயம் மட்டும்: க்ளிக் சத்தம் வந்ததும் நிறுத்திடணும், நம்ம ஆளுங்க எல்லாம் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் ரெண்டு க்ளிக் குடுப்பாங்க, அந்த ரெண்டும் கூடுதல் இறுக்கம்தான். நட்டு கழட்ட இத யூஸ் பண்ணக் கூடாது. வேலை முடிஞ்சதும் அளவ அடிமட்டத்துக்கு இறக்கி வச்சுதான் டப்பாவுல போடணும்.

இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. சில கடையில கன்னுல அடிச்சிட்டு, கஸ்டமர் முன்னாடி டார்க் ரெஞ்ச் வச்சு க்ளிக் க்ளிக்குனு காட்டுவாங்க, பாருங்க சார் கரெக்ட்டா இருக்குன்னு. நட்டு ஒரு நூல் கூட நகராம உடனே க்ளிக் வந்தா அது 103ல இருக்குன்னு அர்த்தம் இல்ல, 103க்கு மேல எங்கயோ இருக்குன்னுதான் அர்த்தம், 300 ஆ கூட இருக்கலாம். ரெஞ்சுக்கு கொறைச்சல்தான் தெரியும், அதிகம் தெரியாது. தளத்திட்டு திரும்ப இறுக்கினாதான் கணக்கு.


சாலையோரக்_குயில்:

ஓவர் டைட் ஆனா என்ன குடி முழுகிரும்னு கேட்ட அண்ணனுக்கு என் கதைய சொல்றேன். ஹோண்டா சிட்டி, நான் தனியாதான் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் ஓட்டுவேன். ரெண்டு வருஷம் முன்னாடி உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி எட்டே முக்காலுக்கு பஞ்சர். ஸ்டெப்னி மாத்த எனக்கு நல்லாவே தெரியும், எங்க மாமா கத்துக்குடுத்தது. முக்கோணத்த பின்னாடி தூரமா வச்சேன், கல்லு வச்சேன், பானாவ மாட்டி இழுத்தேன். நகரல. மேல ஏறி நின்னேன், என் எடை 54. நகரல. ரெண்டு தடவ குதிச்சேன், பானா நழுவி முழங்கால் போய் பம்பர்ல இடிச்சதுதான் மிச்சம், அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் டயர் கடைக்குப் போயிட்டு வந்திருந்தேன். கடைசியில நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு போன் போட்டுட்டு கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன், அதுக்குள்ள ஒரு லாரிக்கார அண்ணன் நிறுத்தி அவரு பைப்ப சொருகி ஒரு இழுப்பு இழுத்தாரு, டிங்குனு மணி அடிச்ச மாதிரி சத்தத்தோட விட்டுச்சு. "இது நட்டு இல்லம்மா, வெல்டிங்"னு சொல்லிட்டுப் போனாரு.

மேல சார் போட்ட கணக்க இப்பதான் என் பானாவுக்குப் போட்டுப் பாக்குறேன், 25 சென்டிமீட்டர், 54 கிலோ, 130க்கு மேல வருது, சிட்டிக்கு வேண்டியது 108தான். இப்பெல்லாம் எந்தக் கடைக்குப் போயிட்டு வந்தாலும் அன்னைக்கு சாயங்காலமே வீட்டு வாசல்ல நாலு வீலையும் ஒவ்வொரு நட்டா தளத்தி நானே திரும்ப இறுக்கிடுவேன். இழுத்தா நீளுற பானா ஒண்ணு வாங்கி டிக்கியில போட்டு வச்சிருக்கேன், அரை மீட்டர் வரும், என் எடைக்கு அது போதும். ரோட்டோரத்துல நான் ஒருத்தியா கழட்ட முடியலைன்னா அந்த இறுக்கம் எனக்கு எதுக்கு?


மைக்ரோமீட்டர்:

சரியான கணக்கு அக்கா. ஒண்ணு மட்டும், பல மாசம் கழிச்சு கழட்டுறப்ப துரு பிடிச்சிருந்தா இறுக்கினத விட கொஞ்சம் கூடுதலா கேக்கும், அது இயல்பு. ஆனா ஒரே மாசத்துல ஏறிக் குதிச்சும் அசையலைன்னா கன்னோட வேலைதான்.


வன்னிச்சில்லு:

வணக்கம், நான் வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் வீல எண்டு சொல்லுறேல்ல, சில்லு எண்டுதான் சொல்லுவம். நான் லொறி ஓடுறனான், இந்தக் கதை எங்களுக்கு இன்னும் பெரிசு, லொறிச் சில்லுக்கு ஒவ்வொண்டுக்கும் 600 நியூட்டன் மீற்றர் கணக்கில கேக்கும், அது கழண்டு ஓடினா ஆரின்ர வீட்டுக்குள்ள போய் நிக்கும் எண்டு தெரியாது.

ரெண்டு விசயம் சொல்லலாம். பழைய லொறி சிலதில இடப்பக்கச் சில்லுக்கு இடதுமரை, மற்றப் பக்கம் சுத்தினாத்தான் கழளும். ஸ்டட்டின்ர நுனியில எல் எண்டு வெட்டியிருக்கும். அது தெரியாம எங்கட பெடியன் ஒருத்தன் கழட்டுறன் எண்டு சொல்லி பைப்பைப் போட்டு இறுக்கி இறுக்கி ரெண்டு ஸ்டட்டை முறிச்சுப் போட்டான். மற்றது, இப்ப லொறி பஸ் நட்டுகளில மஞ்சள் பிளாஸ்ரிக் அம்பு கண்டிருப்பியள். நட்டு இறுக்கின உடன ரெண்டு ரெண்டு அம்பின்ர மூக்கு ஒண்டையொண்டு பாக்கிற மாதிரி வைப்பம், காலமை வண்டி எடுக்க முன்னம் ஒருக்கா சுத்தி வந்து பாத்தாப் போதும், ஒரு மூக்கு விலகியிருந்தா நட்டு திரும்பிட்டுது. காருக்கு அது வேண்டத் தேவையில்லை, நட்டில இருந்து ரிம் வரைக்கும் வெள்ளைப் பெயின்ற்றால ஒரு கோடு கீறி விட்டாலே காணும். நட்டைச் சுத்தி துருக்கோடு வழிஞ்சிருந்தாலும் அது தளர்ந்திட்டுது எண்டதுக்கு அடையாளம், அலாய் எண்டா கறுப்புப் பொடி தெரியும்.


மலைக்கோட்டை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊருக்குத் திரும்பினதும் டார்க் ரெஞ்ச் வாங்கிட்டேன், ஞாயித்துக்கிழமை காலைல வாசல்ல உக்காந்து நாலு வீலையும் பாத்தேன், பாத்தத அப்படியே எழுதுறேன்.

கிரீஸ் கை அண்ணன் வாய்க்கு சர்க்கரைதான் போடணும். பின் இடது வீல கழட்டினா டிரம்மு மூஞ்சியில கட்டைவிரல் நகம் அளவுக்கு ரெண்டு இடத்துல துரு பக்கு, ஒண்ணு பாதி பொடியா உதிர்ந்து ரிம்மு பின்பக்கம் செங்கல் தூள் மாதிரி ஒட்டியிருக்கு. அந்தப் பக்கு இருந்த இடத்துக்கு நேரா இருக்கிற நட்டுதான் காணாமப் போனது. மத்த மூணு வீல்லயும் துரு இருக்கு, ஆனா மெலிசா சமமா இருந்துச்சு. வன்னி அண்ணன் சொன்ன கறுப்புப் பொடியும் ஓட்டையைச் சுத்தி இருந்துச்சு, நான் அத பிரேக் தூசின்னு நெனச்சிருந்தேன். ஓட்டை நீள்வட்டமா ஆகல, அந்த வரைக்கும் தப்பிச்சேன்.

அடுத்து முன் வலது. ரெஞ்ச 103ல வச்சு இழுத்தேன், நட்டு அசையல, உடனே க்ளிக். அஞ்சுலயும் அப்படித்தான். மைக்ரோமீட்டர் சார் சொன்னது படிக்கலைன்னா பரவால்ல கரெக்ட்டா இருக்குன்னு மூடி வச்சிருப்பேன். கழட்டப் பார்த்தா என் எடைக்கு நகரவே இல்ல, பக்கத்து வீட்டு மோட்டார் பைப்பு ஒண்ண சொருகி இழுத்துதான் கழட்டினேன். ஒரே கடை, ஒரே நாள், ஒரே கன்னு, ஒரு வீலு கழண்டு ஓடுது, இன்னொரு வீலு வெல்டிங்.

அப்புறம் நான் குதிச்ச கதை. பின் இடதுல ஒரு ஸ்டட்டுல நட்டு பாதி தூரம் விரலால போகுது, நடுவுல முரண்டு பிடிக்குது, அப்புறம் திரும்ப லூசாப் போகுது. உத்துப் பார்த்தா அந்த இடத்துல மரை ஒண்ணோட ஒண்ணு விலகி, ஸ்டட்டு இடுப்பு சிறுத்த மாதிரி இருக்கு. அது கன்னு பண்ணினதா நான் பண்ணினதான்னு முருகனுக்குத்தான் தெரியும். மெக்கானிக்க வரவச்சு அந்த ஸ்டட்ட மட்டும் தட்டி எடுத்துட்டு புதுசு போட்டாச்சு, நட்டும் புதுசு. ஒரே ஒரு டவுட்டு, எத்தனை கிலோமீட்டர் கழிச்சு திரும்ப செக் பண்ணணும்?


கிரீஸ்_கை:

இடுப்பு சிறுத்த ஸ்டட்ட மாத்தினது நல்ல காரியம். ஆனா நட்டு தொலைஞ்ச இடத்துல பக்கத்துல இருந்த ரெண்டு ஸ்டட்டும் கூடுதல் அடி வாங்கியிருக்கும், முடிஞ்சா அதையும் மாத்திருங்க, காசு பெருசா இல்ல. ஒரு ஸ்டட்டு தனியா முறியாது, ஒண்ணு போனா அடுத்தது, அடுத்ததுன்னு வரிசையா போகும்.

50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ. வண்டி ஆறி இருக்கணும், மலை இறங்கி சூடா வந்து நின்ன கையோட பாக்காதீங்க. டயர் மாத்தினப்பவும் பஞ்சர் பாத்தப்பவும் ரொட்டேஷன் பண்ணினப்பவும் எல்லாம் இதே கணக்குதான். புது அலாய் போட்டா இன்னும் கவனம், அதுக்கு வர்ற நட்டு கூம்பா, உருண்டையா, தட்டையா வாஷரோட வருதான்னு பாத்து ரிம்முல இருக்கிற குழிக்குப் பொருந்துறதுதான் போடணும். ஹோண்டாவோட ஒரிஜினல் நட்டு உருண்டை, கடை அலாய் பெரும்பாலும் கூம்பு, மாத்திப் போட்டா ஓரத்துல ஒரு கோடு அளவுதான் தொடும், எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது.


வெண்டோ_விரும்பி:

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கவும், வோக்ஸ்வாகன் போலோவுக்கும் இதே 103 தானா?


மைக்ரோமீட்டர்:

இல்ல, 120. சாக்கெட்டும் 17. உங்களுக்கு ஸ்டட்டே கிடையாது, நட்டும் கிடையாது, போல்ட்டு நேரா ஹப்புக்குள்ள போய் ஏறும். அதனால வீல மாட்டுறப்ப தொங்கவிட ஒண்ணும் இருக்காது, கால்ல முட்டுக் குடுத்து ஓட்டைய நேரா பிடிச்சுக்கிட்டே மொத போல்ட்ட விரலால ஏத்தணும். கோணலா ஏத்தி கன்னுல அடிச்சா ஸ்டட்டு போகாது, ஹப்பே போகும். உங்க வண்டியோட எண் என்னன்னு மேனுவல்ல பாத்து அதையே வைங்க, அடுத்த வண்டிக்காரன் எண்ண கடன் வாங்காதீங்க.


மலைக்கோட்டை_வாசி:

நேத்து பெரம்பலூர் போயிட்டு வந்தேன், மொத்தம் நூத்திப் பத்து கிலோமீட்டர். இன்னைக்கு காலைல வண்டி ஆறின பிறகு ரெஞ்ச வச்சேன். மூணு வீல்ல எதுவும் நகரல, உடனே க்ளிக். பின் இடதுல புது ஸ்டட்டோட நட்டும் அதுக்கு அடுத்ததும் மட்டும் ஒரு விரல்கடை திரும்பிதான் க்ளிக் வந்துச்சு. திரும்ப வெள்ளக் கோடு கீறி விட்டாச்சு, பொண்ணோட நெயில் பாலிஷ், திட்டு வாங்கினேன்.


ஏறிமிதி:

சரி அண்ணே, எங்கப்பா பெருமைய நான் விட்டுக் குடுக்க மாட்டேன், அவரு எடை 48 கிலோ, அம்பாசடர் பானாவும் குட்டை, ஒருவேளை அவரு மிதிச்சது கணக்கா இருந்திருக்கும். நான் 96. போன மாசம்தான் நாலு வீலையும் மிதிச்சு வச்சிருக்கேன், ஸ்டீயரிங் வேற பிரேக்ல லேசா ஆடுது. நீங்க திருச்சிதானே, நானும் உறையூர்தான். ஞாயித்துக்கிழமை அந்த ரெஞ்ச கொஞ்சம் தர முடியுமா?


மலைக்கோட்டை_வாசி:

வாங்க தர்றேன். கழட்டுறதுக்கு மட்டும் உங்க பானாவயே எடுத்துட்டு வந்துருங்க, பைப்பு பக்கத்து வீட்டுல இருக்கு.